மனை போடுவதற்கு முன் மட்டம்: 20 ஏக்கர் நிலத்துக்கு டிஜிட்டல் நிலமட்ட வரைபடம் எடுத்துப் பயன்படுத்தும் முழு வழிகாட்டி

எஃப்.எம்.பி. எனப்படும் புலப்பட நகலைக் கையில் எடுத்தால் எல்லைக் கல் எங்கே, கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர், எந்த ஓரத்தில் வாய்க்கால் புறம்போக்கு என எல்லாம் இருக்கும். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பது மட்டும் இருக்காது. அந்த நகலின் மேலேயே 30-க்கு 40 மனைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, சாலை போடும்போதுதான் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது நம்மூர் வழக்கம்.

20 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 284 மீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 2.8 மீட்டர் வித்தியாசம். வரப்பில் நின்று பார்த்தால் சமதளமாகத்தான் தெரியும். தண்ணீருக்கு அப்படித் தெரியாது.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்டிருப்பது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் அடிக்கடி விலைக்கு வரும் வகை நிலம்: ஏரிக்குக் கீழே ஆயக்கட்டாக இருந்து தரிசாகிப்போன 20 ஏக்கர், குறுக்கே ஒரு வாய்க்கால், ஒரு மூலையில் சீமைக் கருவேலம், நடுவில் தூர்ந்த கிணறு. எண்கள் எல்லாம் இந்த எடுத்துக்காட்டு நிலத்துக்கானவை. உங்கள் நிலத்தின் எண்களைப் போட்டு அதே கணக்கைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

முதலில் மூன்று பெயர்கள். டி.எஸ்.எம். என்பது மேலேயிருந்து பார்த்தால் தெரியும் மேற்பரப்பு. மரம், வீடு, வைக்கோல் போர் எல்லாம் சேர்ந்தது. டி.டி.எம். என்பது அவற்றையெல்லாம் கழித்த வெறும் தரை. டி.இ.எம். இரண்டுக்கும் பொதுப்பெயராகப் புழங்குகிறது. திட்டமிட வேண்டியது டி.டி.எம்.மை வைத்து. ட்ரோன்காரர் பல நேரம் கொடுத்துவிட்டுப் போவது டி.எஸ்.எம். இந்த ஓரெழுத்து வித்தியாசத்தில்தான் பாதிப் பணம் போகிறது.

படி 1: எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"காண்டூர் மேப் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் விலைப்புள்ளி ஆளுக்கொரு மாதிரி வரும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது சமவுயரக் கோடு; அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே எவ்வளவு உயர வித்தியாசம் என்ற இடைவெளியைச் சொல்லிக் கேட்க வேண்டும். நிலம் வாங்கலாமா என்று பார்க்க 1 மீட்டர் இடைவெளி போதும். சாலை, மனை அமைப்புக்கு 50 செ.மீ. மழைநீர் வடிகாலுக்கும் மண் நிரப்பும் கணக்குக்கும் 25 செ.மீ. செங்கல்பட்டுப் பக்கத்துச் சமவெளியில் 1 மீட்டர் இடைவெளி கேட்டால் 20 ஏக்கருக்குள் இரண்டு, மூன்று கோடுகள்தான் ஓடும். அதை வைத்து வடிகால் போட முடியாது.

இடைவெளிக்கும் துல்லியத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. உயரப் பிழையின் சராசரி வர்க்க மூலத்தை 3.29-ஆல் பெருக்கினால் நியாயமாக வரையக்கூடிய இடைவெளி கிடைக்கும். 50 செ.மீ. கோட்டுக்குப் பிழை 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்; 25 செ.மீ. கோட்டுக்கு 7.6 செ.மீ.க்குள். மென்பொருளைக் கேட்டால் எந்தத் தரவிலிருந்தும் 10 செ.மீ. கோடு வரைந்து தரும். அழகாகவும் இருக்கும். அந்த அழகை நம்பிப் பயனில்லை.

படி 2: வேலிக்கு வெளியே இருப்பதை இலவசத் தரவில் பாருங்கள்

உங்கள் நிலத்துக்குள் வரும் தண்ணீர் உங்கள் நிலத்தில் பெய்த மழை மட்டும் அல்ல. மேலே எத்தனை ஏக்கர் தண்ணீர் இங்கே வந்து சேர்கிறது என்பதை ட்ரோன் சொல்லாது, ஏனென்றால் அது உங்கள் நிலத்தின் மேலும் அதை ஒட்டியும்தான் பறக்கும். இதற்கு 30 மீட்டர் இலவசத் தரவுகள் போதும். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த எஸ்.ஆர்.டி.எம்., அதைவிடப் புதிய கோப்பர்நிகஸ் 30 மீட்டர், இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவாக்கி புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் ஆகிய மூன்றும் நமக்குப் பயன்படும். தொடங்குவதற்குக் கோப்பர்நிகஸ் நல்லது.

கியூஜிஐஎஸ் மென்பொருளில் செய்ய வேண்டியவை:

1. நிலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 கி.மீ. விட்டுத் தரவை வெட்டுங்கள். ஏரிச் சங்கிலி நீளமாக இருந்தால் 10 கி.மீ.

2. மீட்டர் அளவுள்ள யூ.டி.எம். முறைக்கு மாற்றுங்கள். 78 பாகை கிழக்கு தீர்க்கரேகைதான் எல்லை. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் எல்லாம் 44-வது மண்டலம், குறியீடு 32644. கோவை, நீலகிரி, ஈரோடு, நெல்லை, குமரி 43-வது மண்டலம், குறியீடு 32643. திண்டுக்கல் ஊர் இந்தக் கோட்டின் மேற்கு ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது; அங்கே வேலை செய்பவர்கள் ஒரு மண்டலத்தை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே இருக்க வேண்டும்.

3. மாற்றும்போது மறுமாதிரி முறையாக பைலீனியரைத் தேர்ந்தெடுங்கள். இயல்பாக இருக்கும் நியரஸ்ட் நெய்பரை விட்டுவிட்டால் சரிவு வரைபடத்தில் துணி நெய்ததுபோலக் கோடுகள் விழும்.

4. கிராஸ் தொகுப்பில் உள்ள ஆர்.வாட்டர்ஷெட் கருவியை ஓட்டி நீரோட்டத் திசையும் சேர்மானமும் எடுங்கள். குறைந்தபட்ச அளவாக 500 கட்டம் கொடுத்தால் 45 ஹெக்டேர். சின்ன ஓடைகள் தெரிய 100 வரை குறைக்கலாம்.

5. வாய்க்கால் உங்கள் நிலத்தைவிட்டு வெளியேறும் இடத்தைப் புள்ளியாகக் கொடுத்து ஆர்.வாட்டர்.அவுட்லெட் கருவியால் நீர்ப்பிடிப்பு எல்லையை எடுங்கள்.

வந்த எல்லையை அப்படியே நம்ப வேண்டாம். ஏரிக்கரை 3 மீட்டர் உயரம் இருந்தாலும் அகலம் சில மீட்டர்தான். 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகும். கணினி கரையைத் துளைத்துக்கொண்டு தண்ணீரை நேராக ஓடவிடும். நிஜத்தில் தண்ணீர் கரையோரமாகவே போய் கலங்கல் (ஏரி நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம்) வழியாகத்தான் வெளியேறும். வருவாய்க் கிராம வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரை, மதகு, கலங்கல் மூன்றையும் கையால் குறித்து எல்லையைத் திருத்துங்கள். கூடவே ஊரில் வயதானவர் ஒருவரிடம், கலங்கல் போனால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்த 30 மீட்டர் தரவை வைத்து மனை மட்டம் போடக் கூடாது. 20 ஏக்கரில் மொத்தமே 90 கட்டம்தான் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மீட்டர் கணக்கில் பிழை.

படி 3: பூஜ்யம் எங்கே என்று தீர்மானியுங்கள்

அதிகம் சொதப்பும் இடம் இதுதான். ஜி.பி.எஸ். தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல. நீள்வட்டக் கோளம் என்ற கணிதப் பரப்பிலிருந்து. உலகிலேயே இந்த இரண்டுக்கும் இடையே மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, 100 மீட்டருக்கும் மேல். நாம் அதன் ஓரத்தில் இருப்பதால் தமிழ்நாட்டில் வித்தியாசம் ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர். மெரினா மணலில் டி.ஜி.பி.எஸ். எனப்படும் துல்லியமான ஜி.பி.எஸ். கருவியை வைத்தால் திரையில் எண்பது சொச்சம் மீட்டர் மைனஸ் என்று வரும். கருவியில் கோளாறு இல்லை.

கார்ட்டோடெம் நீள்வட்டக் கோள உயரத்தில் வருகிறது, எஸ்.ஆர்.டி.எம். ஈ.ஜி.எம்.96 மாதிரிப்படியும், கோப்பர்நிகஸ் ஈ.ஜி.எம்.2008 படியும் கடல்மட்டத்தில் வருகின்றன. இவற்றைக் கலந்தால் ஊரின் ஒரு பாதி 90 மீட்டர் பள்ளத்தில் கிடக்கும். அதுகூடப் பரவாயில்லை, உடனே கண்ணில் படும். 30 செ.மீ. இடறினால் யாருக்கும் தெரியாது. முதல் பெருமழையில்தான் தெரியும்.

ஆகவே நிலத்துக்குள் ஒரு நிரந்தர மட்டக் கல் நடுங்கள். 30 செ.மீ. சதுரம், 60 செ.மீ. ஆழம் கான்கிரீட், நடுவில் கம்பித் தலை. சாலை வரப்போகும் இடத்தில் வேண்டாம், ஜே.சி.பி. முதல் நாளே பிடுங்கிவிடும். பக்கத்தில் இந்திய சர்வே துறையின் மட்டக் குறி இருந்தால் ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியை வைத்து அங்கிருந்து இந்தக் கல்லுக்கு மட்டம் கொண்டுவந்து, மறுபடி கிளம்பிய இடத்துக்கே போய்ச் சேருங்கள். சுற்று மூடும்போது வரும் வித்தியாசம், கி.மீ. தூரத்தின் வர்க்கமூலத்தை 12 மி.மீ.யால் பெருக்கினால் வரும் அளவுக்குள் இருக்க வேண்டும். 2 கி.மீ. சுற்றுக்கு 17 மி.மீ. அதற்கு மேல் போனால் திரும்ப எடுங்கள்.

அதே சுற்றில் இன்னும் நான்கு இடங்களில் ஸ்டாஃபை (மட்டம் பார்க்கும் அளவுக்கோலை) வைத்தே ஆக வேண்டும்: மேலே இருக்கும் ஏரியின் கலங்கல் உச்சி, மதகின் அடிமட்டம், உங்கள் நிலத்துக்குக் கீழே வாய்க்கால் கடக்கும் முதல் கல்வெர்ட்டின் தரை, பக்கத்துத் தார்ச்சாலையின் நடு முதுகு. ஏரி எந்த மட்டத்தில் நிரம்பி வழியும், உங்கள் தண்ணீர் எந்த மட்டத்துக்குப் போய் இறங்க வேண்டும் என்ற இரண்டும் இதில் வந்துவிடும். நிலம் நீரில் மூழ்குமா என்று நீர்வளத்துறையிடம் என்.ஓ.சி. கேட்கும்போது அங்கேயுள்ள பொறியாளர் முதலில் பார்ப்பதும் இந்த மட்டங்களைத்தான். ட்ரோன் படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கலங்கல் மட்டத்தோடு கட்டாத வரைபடம் அங்கே நிற்காது.

படி 4: ட்ரோன் பறக்கும் நாள்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தூரத்தில் 200 அடி வரை. அதற்குள் வந்தால் மஞ்சள் மண்டலம், கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி. செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதை ஒட்டியும் மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் மூன்றும் இருப்பதால் பறக்கும் நாளன்று காலையில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். இயந்திரத்துக்குப் பதிவு எண்ணும், தொழில்முறையில் ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் இருக்கிறதா என்று பார்ப்பது நிலத்தின் உரிமையாளருக்கும் நல்லது.

பருவம்: அறுவடை முடிந்து, புல் காய்ந்து, கோடைமழைக்குப் பின் புல் முளைப்பதற்கு முன். நெல் நிற்கும் வயலில் பறந்தால் கிடைப்பது நெல்லின் உயரம். தண்ணீர் தேங்கியிருந்தால் படத்தில் ஒப்பிட ஒன்றும் இருக்காது; அந்த இடத்தில் உயரம் மேலும் கீழும் குதிக்கும். நேரம், வெயில் தலைக்கு மேல் வரும் 10 முதல் 2 மணி, நிழல் குறைவு.

20 மெகாபிக்சல், ஓர் அங்குல சென்சார் உள்ள சர்வே ட்ரோனை 80 மீட்டரில் பறக்கவிட்டால் தரையில் ஒரு பிக்சல் சுமார் 2.2 செ.மீ. ஒரு படம் 120-க்கு 80 மீட்டரை மூடும். முன்பின் மேற்கவிவு (படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவு) 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 என்று வைத்தால் 16 மீட்டருக்கு ஒரு படம், 36 மீட்டருக்கு ஒரு வரிசை. எல்லைக்கு வெளியே 50 மீட்டர் சேர்த்துப் பறந்தால் 11 வரிசை, 300 படத்துக்குள் முடியும். வெளியே பறப்பது வீண் செலவு அல்ல. ஓரத்தில் படங்கள் குறைந்தால் அங்கேதான் உயரம் வளையும். முடிந்ததும் கேமராவை 20 பாகை சாய்த்துக் குறுக்கே இரண்டு வரிசை எடுங்கள். நேர்க்கீழ்ப் படங்கள் மட்டும் இருந்தால் லென்ஸ் கணிப்பில் வரும் சிறுபிழை முழு நிலத்தையும் தட்டுபோலக் குழிவாகவோ குடைபோல மேடாகவோ காட்டும். நடுவில் 15 செ.மீ. மேடு என்று வந்தால் அதை மண் அள்ளும் கணக்கில் யாரோ ஒருவர் காசாக்கிவிடுவார்.

படங்களைத் தரையில் அளந்த இடத்தோடும் உயரத்தோடும் கட்டும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இந்த அளவுக்கு 6 போதும்: நான்கு மூலை, நடு, மிகத் தாழ்ந்த இடம். இவை தவிர 10 முதல் 15 சோதனைப் புள்ளிகள் தனியாக வேண்டும். இவற்றை மென்பொருளுக்குக் கொடுக்கவே கூடாது. வந்த வரைபடத்தைச் சோதிக்க மட்டும். குறி 60 செ.மீ. சதுரம். ஃபிளெக்ஸ் துண்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து விரிப்பார்கள். காற்றில் நகரும், மாடு மிதித்து மடிக்கும், நீங்கள் அடுத்த மூலைக்குப் போவதற்குள் பையன்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கட்டாந்தரையில் சுண்ணாம்பால் கூட்டல் குறி போட்டு நடுவில் ஆணி அடிப்பதே பத்திரம். டி.ஜி.பி.எஸ். பேஸ் கருவியை மட்டக் கல்லில் குறைந்தது 2 மணி நேரம் நிறுத்துங்கள். ஒவ்வொரு குறியின் உயரத்தையும் ஆட்டோ லெவலாலும் ஒருமுறை எடுத்துவிட்டால் பூஜ்யப் பிரச்சினை அன்றே தீரும்.

படி 5: கருவேலத்தைக் கழிப்பது

படங்களை மெட்டாஷேப், பிக்ஸ்4டி, இலவசமாகக் கிடைக்கும் வெப்ஓ.டி.எம். என எதில் ஓட்டினாலும் முதலில் வருவது கோடிக்கணக்கான புள்ளிகளின் மேகம். இதில் தரைப் புள்ளிகளைப் பிரிக்க கிளவுட்கம்பேரில் துணி விரிப்பு வடிகட்டி இருக்கிறது. மேகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினால் எங்கே படியுமோ அதைத் தரை என்று எடுத்துக்கொள்ளும் உத்தி. சமவெளிக்கு விறைப்பு 3, துணியின் கண் அளவு 1 மீட்டர், வரம்பு 0.2 முதல் 0.3 மீட்டர் என்று தொடங்குங்கள். மலைச்சரிவுக்கு விறைப்பு 1.

வயலில் இருக்கும் 40 செ.மீ. வரப்புகளை இந்த வடிகட்டி செடி என்று நினைத்துச் சீவிவிடும். வரப்பு போனால் பரவாயில்லை. வாய்க்கால் கரையும் போனால் தண்ணீர் தவறான பக்கம் பாயும். அதனால் வாய்க்காலின் இரு கரை உச்சி, அடி விளிம்பு, சாலை ஓரம் ஆகியவற்றை 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தரையில் நடந்து எடுத்து முறிகோடுகளாக (சரிவு சட்டென்று மாறும் விளிம்புகளைக் காட்டும் கோடுகளாக) சேருங்கள்.

இனி சீமைக் கருவேலம். அடர்ந்த கருவேலத்துக்குள் கேமரா தரையைப் பார்க்கவே பார்க்காது. பார்க்காத தரையை எந்த வடிகட்டியாலும் எடுத்துத் தர முடியாது. சமவுயரக் கோடுகளில் இது எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: அகலமாக, சோம்பலாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் ஓரிடத்தில் திடீரென்று ஒன்றுக்குள் ஒன்றாக, வெட்டிய வெங்காயம் மாதிரி நெருங்கி, மூன்று மீட்டர் ஏறி உச்சியில் நொறுங்கிக் கிடக்கும். ஆயக்கட்டு நடுவில் அப்படி ஒரு குன்று இருக்காது. ட்ரோன் படங்களை அளவு சரிசெய்து ஒன்றாகச் சேர்த்த ஆர்த்தோ படத்தை மேலே போட்டால் அங்கே பச்சை. வடிகட்டியவர் அதைக் கொஞ்சம் தேய்த்து ஒரு மீட்டர் மேடாக்கிக் கொடுத்திருந்தால் இன்னும் ஆபத்து. மேடு இயல்பானதுபோலவே தோன்றும்.

வழி மூன்று. ஒன்று, கருவேலத்தை வெட்டிவிட்டுப் பறப்பது. வேரோடு பிடுங்கினால் தரையே புரண்டுவிடும், ஆகவே தரையோடு அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் கருவி உள்ள ட்ரோன். இலை இடுக்கு வழியே சில ஒளித்துடிப்புகள் தரையைத் தொட்டுத் திரும்பும். பரப்பு ஓரிரு ஏக்கர்தான் என்றால் மூன்றாவது வழியே மலிவு: ட்ரோன் தரவில் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டு, இரண்டு ஆள் உள்ளே புகுந்து டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியால் 10 மீட்டர் கட்டமாக மட்டம் எடுப்பது. ஓர் ஏக்கருக்கு 40 புள்ளி. முள் குத்தும், அரை நாளில் முடியும்.

திறந்த கிணறுகளை வெளிக்கோடு வரைந்து தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு தரவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

படி 6: சோதித்த பிறகு கையெழுத்து

தரைப் புள்ளிகளிலிருந்து 25 செ.மீ. கட்டத்தில் டி.டி.எம். உருவாக்குங்கள். சோதனைப் புள்ளிகளில் வரைபட உயரத்திலிருந்து களத்து உயரத்தைக் கழியுங்கள். ஐந்து புள்ளியில் +4, −6, +3, +7, −5 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்களின் கூட்டல் 135, சராசரி 27, வர்க்கமூலம் 5.2 செ.மீ. 3.29-ஆல் பெருக்கினால் 17 செ.மீ. 25 செ.மீ. கோடு வரையத் தகுதி உண்டு.

பெருக்கல் தொகை சரியாக வந்துவிட்டது என்று அதோடு நிறுத்தாமல் குறிகளைப் பாருங்கள். கூட்டலும் கழித்தலும் கலந்து வந்தால் இயல்பு. எல்லாமே +5 என்று வந்தால் பூஜ்யம் இடறியிருக்கிறது. நடுவில் கூட்டலும் ஓரத்தில் கழித்தலுமாக வந்தால் குடை. செடி இருக்கும் இடத்தில் மட்டும் கூட்டல் என்றால் வடிகட்டி தவறியிருக்கிறது.

கோடு வரையும் முன் வரைபடத்தை 1 மீட்டர் கட்டத்துக்கு லேசாக மழுப்பிக்கொள்ளலாம்; நேரடியாக 25 செ.மீ. கட்டத்தில் வரைந்தால் ஒவ்வொரு மண்ணாங்கட்டிக்கும் ஒரு வட்டம் வரும். மழுப்பியதை வரைவதற்கு மட்டும் வையுங்கள். கன அளவுக்கு மூலத்தையே எடுங்கள்.

படி 7: புலப்படத்தை மேலே பொருத்துவது

புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் வேலியோடு இழுத்து ஒட்டுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. வேலி என்பது யாரோ நட்ட இடம். எல்லை என்பது கல். குறைந்தது நான்கு சர்வே கல்லைத் தோண்டிக் கண்டுபிடித்து டி.ஜி.பி.எஸ். அளவு எடுத்து, புலப்படத்தை நகர்த்தித் திருப்பி மட்டுமே பொருத்துங்கள். ரப்பர்போல இழுத்துப் பொருத்தும் முறையைத் தொட வேண்டாம். பரப்பு மாறும், உட்பிரிவுக் கணக்கு பட்டாவோடு ஒத்துவராது.

பொருத்தியதும் பல இடங்களில் ஒரு விஷயம் வெளியே வரும்: டி.டி.எம்.மில் தண்ணீர் ஓடும் தாழ்வு ஓரிடம், புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு வேறிடம். காலப்போக்கில் யாரோ உழுது தள்ளியிருப்பார்கள். இரண்டையும் வரைபடத்தில் காட்டுங்கள். சட்டப்படி விட வேண்டியது புறம்போக்கை. நிஜத்தில் தண்ணீருக்கு விட வேண்டியது தாழ்வை. வாய்க்காலைப் புறம்போக்குக்குள் மீண்டும் வெட்டித் திருப்புவதென்றால் அதன் மட்டத்தைக் கீழேயுள்ள கல்வெர்ட் தரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே.

படி 8: தண்ணீர்க் கணக்கு

இனி வரைபடம் உழைக்கத் தொடங்கும். ஓடுநீர் அளவு எளிய கணக்குதான்: ஓட்டக் குணகம் (பெய்த மழையில் ஓடிவரும் பங்கு), மணிக்கு மி.மீ.யில் மழை, ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்குக் கன மீட்டர்.

நம் நிலம் 8.1 ஹெக்டேர், வீடு வந்த பின் குணகம் 0.6, மழை மணிக்கு 75 மி.மீ. என்றால் நொடிக்கு 1 கன மீட்டர். படி 2-இல் கண்ட மேல் நீர்ப்பிடிப்பு 40 ஹெக்டேர், வயல்வெளி, குணகம் 0.35 என்றால் 2.9 கன மீட்டர். ஆக வாய்க்கால் கடத்த வேண்டியது 3.9. வேலிக்குள் மட்டும் பார்த்து வடிகால் போட்டவர் கால்பங்கு தண்ணீருக்குத்தான் வழி வைத்திருக்கிறார்.

வாய்க்கால் சரிவு 300-க்கு 1, கான்கிரீட் சுவர், மேனிங் குணகம் (சுவரின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) 0.015 என்று வைத்துக்கொண்டால், 1.2 மீட்டர் அகலத்தில் 0.9 மீட்டர் ஆழத் தண்ணீர் 2.1 கன மீட்டர்தான் கடத்தும். 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 4.8. அதற்கு மேல் 30 செ.மீ. சுவர் விடுங்கள். இவ்வளவு அகல வாய்க்கால் மனைகளைத் தின்கிறதே என்று முகம் சுளிப்பவர்களிடம் மேல் நீர்ப்பிடிப்பு வரைபடத்தை நீட்டுங்கள்.

300-க்கு 1 என்றால் 284 மீட்டரில் தரை 95 செ.மீ. இறங்க வேண்டும். முடியும் இடத்து மட்டம் கீழே உள்ள கல்வெர்ட் தரையைவிட மேலே இருக்கிறதா? இல்லையென்றால் வாய்க்கால் ஓடாது, நிற்கும். வடிகால் எந்தச் சரிவில் போட்டாலும் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வண்டல் படியும்.

ட்ரோன் டி.டி.எம்.மில் நீரோட்டம் ஓட்டும்போது சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட் தெரியாது. சாலை ஒரு அணையாக நின்று, மேல்பக்கம் பெரிய குளம் இருப்பதாகக் காட்டும். ஒவ்வொரு கல்வெர்ட்டையும் கோடாக வரைந்து, அதன் தரை மட்டத்துக்கு டி.டி.எம்.மைக் கீறிவிட்ட பிறகே ஓட்டுங்கள். பள்ளம் நிரப்பும் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். குட்டையும் குளமும் நிஜமான பள்ளங்கள்.

படி 9: சாலையும் மனையும்

இப்போதுதான் மனை வரைய வேண்டும். சமவெளிச் சாலைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வழக்கமாகச் சொல்லும் ஏற்றம் 30-க்கு 1. நம் நிலத்தில் அது பிரச்சினையே இல்லை. இங்கே பிரச்சினை சரிவு போதாமைதான். முதன்மைச் சாலையைச் சரிவின் போக்கிலும் குறுக்குச் சாலைகளைச் சமவுயரக் கோட்டுக்குச் சற்றே சாய்வாகவும் வைத்தால் ஓர வடிகாலுக்கு 200-க்கு 1 அளவிலாவது இறக்கம் கிடைக்கும். குறுக்குச் சாலையைக் கோட்டோடு கோடாகப் போட்டால் வடிகாலுக்காகத் தோண்டிக்கொண்டே போக வேண்டும்.

மிகத் தாழ்ந்த மூலையில் மனை வேண்டாம். அங்கே குளம் வெட்டுங்கள். திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தை அந்தப் பள்ளத்தில் தள்ளிவிடும் யோசனை எல்லோருக்கும் வரும். ஒப்புதல் கொடுக்கும் அலுவலகங்களுக்கும் அந்த யோசனை தெரியும்.

மலையடிவாரத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கோவை, நீலகிரி, திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் சரிவு வரைபடம் தனி ஆவணமாகவே வேண்டியிருக்கும்.

படி 10: மண் கணக்கு

திட்டமிட்ட மட்டப் பரப்பிலிருந்து டி.டி.எம்.மைக் கழித்தால் எங்கே வெட்டு, எங்கே நிரப்பு என்று கட்டம் கட்டமாக வரும். மேல்மண் 15 செ.மீ. சீவுவதாக இருந்தால் அதை முதலிலேயே டி.டி.எம்.மிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், மறந்தால் நிரப்பு குறைவாகக் காட்டும். கரிசல் மண்ணை வெட்டினால் அதை நிரப்பப் பயன்படுத்த முடியாது; வெட்டும் நிரப்பும் சமம் என்ற கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

நம் ஊரில் மண் யூனிட்டில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஒரு சென்ட் நிலத்தை ஓர் அடி உயர்த்த 4.36 யூனிட், இறுகிய நிலையில். லாரியில் வரும் தளர்ந்த மண் 20, 25 விழுக்காடு கூட வேண்டும்.

தாழ்ந்த 5 ஏக்கரைச் சராசரியாக 40 செ.மீ. உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். 8,094 கன மீட்டர், 2,860 யூனிட். தளர்ந்த மண்ணாக 3,570 யூனிட்டுக்கு மேல், 4 யூனிட் டிப்பரில் சுமார் 890 நடை. இதே 5 ஏக்கரில் டி.டி.எம். முழுக்க 10 செ.மீ. இடறியிருந்தால் 2,020 கன மீட்டர் தவறு; தளர்ந்த கணக்கில் 220 நடைக்கும் மேல். ட்ரோன், லெவல் இரண்டும் சேர்ந்த செலவை அந்த நடைகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் அதே கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதே மட்டக் கல், அதே உயரத்தில் இன்னொரு முறை பறந்து, புதிய பரப்பிலிருந்து பழையதைக் கழித்தால் உண்மையில் எவ்வளவு மண் இறங்கியது என்று தெரியும். ஒப்பந்தக்காரரின் நடைச் சீட்டுகளோடு அதை ஒப்பிடும்போது இறுக்கத்துக்கான விகிதத்தை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ட்ரோன்காரரிடமிருந்து வாங்க வேண்டியவை: வகைபிரித்த புள்ளி மேகம், டி.எஸ்.எம்.மும் டி.டி.எம்.மும் தனித்தனியாக, ஆர்த்தோ படம், முறிகோடுகள், கட்டுப்பாட்டு மற்றும் சோதனைப் புள்ளிகளின் பட்டியல், எந்த மண்டலம், எந்த ஜியாய்டு (கடல்மட்ட) மாதிரி என்ற ஒரு பக்கக் குறிப்பு. மூலப் படங்களையும் கேளுங்கள். 300 படம் சில ஜி.பி.தான். பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.